மாப்பிள்ளை கழுவிய பாத்திரம்

ராய்ட் கபாசோ வேதியியல் வாத்தியார். உலோகம், அலோகம் பற்றி அவன் பாடம் எடுத்தால் கடைசி பெஞ்சுக்காரன்கூடத் தூங்க மாட்டான்.

"உலோகம்னா மாப்பிள்ளை வீடு, அலோகம்னா பொண்ணு வீடு" என்றுதான் ஆரம்பிப்பான். "மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன வேலை? கொடுக்கறது. பொண்ணு வீட்டுக்கு என்ன வேலை? வாங்கறது. உலோகம் எலக்ட்ரானைக் கொடுக்கும், அலோகம் வாங்கி முந்தியில முடிஞ்சுக்கும். பொட்டாசியம் இருக்கே, அது தண்ணியைப் பார்த்தாலே இருக்கறதையெல்லாம் கொட்டிக் கொடுத்துட்டுத் தீப்பிடிச்சு எரியும். தங்கம் கஞ்சப்பய. நூறு வருஷம் பக்கத்துலயே உக்காந்திருந்தாலும் ஒண்ணும் பேராது."

மாப்பிள்ளை வீடுதான் பரிசம் கொடுக்கிற லுவான்ஷ்யாவின் சுரங்கக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். அண்ணனுக்குப் பெண் கேட்டுப் போய், கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்துபோன வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள்.

லவ்னெஸ் என்காண்டுவைக் கேட்டு ஆள் அனுப்பிய நாளிலிருந்து ராய்டும் பொட்டாசியம்தான். கொடுத்தான், எரிந்தான், மறுபடி கொடுத்தான். அதில் அவனுக்கு வருத்தமே இல்லை. அந்தப் பெண் சிரித்தால் இவனுக்குச் சாப்பாடு வேண்டாம். அவ்வளவு பைத்தியம்.

போன சனிக்கிழமை பெண் வீட்டார் அவனுக்கு நெருப்புக் காட்டினார்கள். இனி எங்கள் அடுப்பில் உனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிப் போடுகிற விருந்து அது. பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் பாத்திரமாகத் தலையில் சுமந்து வந்தார்கள். கோழி, பீன்ஸ், நிலக்கடலை அரைத்துவிட்ட கீரை, ஆவி பறக்கிற உப்வாலிக் களி. ஒவ்வொரு மூடியையும் நாச்சிம்புசா தன் கையால் திறந்து காட்டினாள். மணப்பெண்ணைத் தயார் செய்வதும், இந்தக் கல்யாணம் நடக்கலாம், இது வேண்டாம் என்று கடைசி வார்த்தை சொல்வதும் நாச்சிம்புசாவின் உரிமை. அவள் வேண்டாம் என்றால் பெண்ணைப் பெற்ற அப்பனே வாயைத் திறக்க மாட்டான். இந்தக் குடியிருப்பின் நாச்சிம்புசா பனா சிலேக்வா. பனா என்பது பெரிய பெண்களை மரியாதையாக அழைக்கிற சொல், அம்மா என்கிற மாதிரி. பாத்திரங்களும் அவளுடையவைதான். அவளுடைய சொந்தக் கல்யாணத்துக்கு வாங்கிய அலுமினியப் பாத்திரங்கள்.

விருந்து முடிந்ததும் அவள் ராய்டைப் பார்த்துச் சொன்னாள்: "வாத்தியாரே, வழக்கம் தெரியுமில்ல? பாத்திரம் வெறுமனே திரும்பக் கூடாது. அழுக்கோடயும் திரும்பக் கூடாது. என் முகம் தெரியணும் அதுல. ஒரு மாப்பிள்ளை வீட்டுல நெளிச்சு அனுப்பினாங்க. அந்தப் பய இன்னிக்கு வரைக்கும் தனியாத்தான் தூங்கறான்."

வழக்கப்படி பாத்திரம் கழுவ வேண்டியவள் ராய்டின் அக்கா மேபிள். மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டு அரை நாள் தேய்க்கிற வேலை. செவ்வாய்க்கிழமை காலை அவள் முந்தியைச் செருகிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தாள். அன்று விளையாட்டுப் போட்டிக்காகப் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்த ராய்ட், அக்கா தேய்க்கிற அழகைப் பார்த்தான். படித்தவனுக்கு என்று ஒரு வியாதி உண்டே, அது உடனே அவனைப் பிடித்துக்கொண்டது.

"எதுக்குக்கா இந்தப் பாடு? நீ சோப்பு காய்ச்சக் காஸ்டிக் சோடா வெச்சிருக்கியே, அதைத் தண்ணியில கரைச்சு ரெண்டே நிமிஷம் முக்கி எடுத்தா கரி, எண்ணெய் எல்லாம் பறந்துடும்."

"டேய், சோப்பு காய்ச்சற எனக்குத் தெரியாதா? அது கையைத் தின்னும்டா. பாத்திரத்தைத் தின்னாதா?"

"தின்னும். ஆனா அலுமினியம் மேல ஒரு மெல்லிசு ஆக்சைடு படலம் சட்டை மாதிரி போர்த்தியிருக்கு. காஸ்டிக் முதல்ல அதைத்தான் கழட்டும். உள்ள கை வைக்கறதுக்குள்ள நான் எடுத்துடுவேன். ரெண்டு நிமிஷம்கா. நான் யாரு?"

"யாருன்னுதான் எனக்கும் பல நாளா சந்தேகம்" என்று சொல்லிவிட்டு மேபிள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

நியாயமாகச் சொன்னால் அவன் கணக்கில் தப்பில்லை. அலுமினியம் இரண்டு வீட்டிலும் கை நனைக்கிற ஆள். அமிலத்தோடும் சேரும், காரத்தோடும் சேரும். பார்ப்பதற்கு அடக்கமாக இருப்பதெல்லாம் அந்த மெல்லிய சட்டை உடம்பில் இருக்கும்வரைதான். சட்டையைக் கழற்றினால் அதன் குணமே வேறு. இது அத்தனையும் ராய்டுக்குக் கரதலப் பாடம். பாதியாக வெட்டிய நீலப் பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் ஊற்றினான். காஸ்டிக்கைக் கண்ணளவாகப் போட்டான். கண் கொஞ்சம் தாராளமான கண். தண்ணீர் தானாகவே சூடாயிற்று. பாத்திரங்களை உள்ளே இறக்கி, கோழி விழாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டால் மூடி, கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அப்போதுதான் வாசலில் அந்தக் குரல் கேட்டது.

"வீட்டுல யாரு? மேபிள்! நான்தான், பனா கங்குவா!"

லவ்னெஸின் அம்மா. ராய்டின் வருங்கால மாமியார்.

கல்யாணம் முடிந்து, மரியாதைப் பொருள் கொடுத்து, தடை நீக்குகிற வரைக்கும் மருமகன் மாமியார் கண்ணில் படக் கூடாது. பேச்சுக்கு இடமே இல்லை. சந்தை ரோட்டில் ஒரு நாள் அவளுடைய மஞ்சள் சித்தெங்கேத் துணியைத் தூரத்தில் பார்த்துவிட்டு ராய்ட் சாக்கடையில் இறங்கி நின்றிருக்கிறான். அவளும் ஒரு தடவை அவனைப் பார்த்து மீன்காரி முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். அது வெட்கக்கேடு இல்லை, மரியாதை. ராய்ட் சுற்றுமுற்றும் பார்த்தான். வீட்டுக் கதவுக்கு ஓடினால் வாசல் வழியாக ஓட வேண்டும். பக்கத்தில் இருந்தது கோழிக்கூடு ஒன்றுதான். குனிந்தான், புகுந்தான், கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே ஒரு சேவலும் அதன் குடும்பமும் அவனை மிகவும் அருவருப்பாகப் பார்த்தன.

பனா கங்குவா கொல்லைப்பக்கமே வந்துவிட்டாள். "அவன் பள்ளிக்கூடத்துலதானே?"

மேபிள் கோழிக்கூட்டைப் பார்த்தாள். கம்பி வலைக்குள் தம்பியின் கண் தெரிந்தது. "ஆமாம்மா, ஆமா. பாடம் நடத்திட்டு இருக்கான்."

"அதைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். இல்லன்னா இந்த வாசல்ல கால் வைப்பேனா? ஒரு ரகசியம் மேபிள். பாத்திரமெல்லாம் எங்க?"

"பாத்திரமா? அது... சித்தி வீட்டுல... கழுவக் குடுத்தேன். இப்ப வந்துடும்."

"நல்லவேளை!" என்று அந்த அம்மாள் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தக் கீரைப் பாத்திரத்தை அடிப்பிடிக்க விட்டுட்டேன். அடியைக் கிளறாம மேலாக மட்டும் மொண்டு மொண்டு பரிமாறி ஒப்பேத்திட்டேன். அடியில ஒரு கரி ஒட்டியிருக்கு பாரு, சுத்தி வெச்சு அடிச்சாலும் போகாது. பனா சிலேக்வா கண்ணுல அது பட்டா, என் மகளுக்கு அடுப்பே தெரியாதுன்னு ஊர் முழுக்கச் சொல்லிடுவா. அவ பார்க்கறதுக்கு முன்னாடி நானே தேய்ச்சுடறேன். வரட்டும், காத்திருக்கேன்."

ஆக, அவள் பாத்திரத்துக்காகக் காத்திருந்தாள். பாத்திரம் அவள் முழங்காலுக்கு அருகில் கரைந்துகொண்டிருந்தது.

இரண்டு நிமிடம் எப்போதோ போய்விட்டது. கூட்டுக்குள் மடங்கி உட்கார்ந்திருந்த ராய்டுக்குப் பீப்பாயின் சத்தம் நன்றாகவே கேட்டது. முதலில் மெல்ல ஒரு சீறல். பிறகு கொதிப்பு. தட்டு தடதடவென்று ஆடியது. இப்போது படலம் போயாயிற்று, இப்போது உள் உலோகம், இப்போது ஹைட்ரஜன் என்று அவனுடைய படிப்பு ஒவ்வொரு கட்டத்தையும் அவனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தது. படிக்காதவனாக இருந்திருந்தால் நிம்மதியாக உட்கார்ந்திருப்பான்.

"உள்ள வந்து உக்காருங்கம்மா, வெயில்" என்றாள் மேபிள்.

"இங்கதான் காத்து வருது. ஆமா, இதென்ன இப்படிக் கொதிக்குது?"

மேபிள் ஒரு கணம் விழித்தாள். "முன்கோயோ" என்றாள். முன்கோயோ என்றால் சோளக் கஞ்சியில் வேரைப் போட்டுப் புளிக்க வைக்கிற பானம். அதுவும் நுரைக்கும், அதுவும் முணுமுணுக்கும். பொய்க்கு இவ்வளவு பொருத்தமான பொருள் அகப்படாது. கேட்கிறவளுக்குத் தாகம் எடுக்கும் என்பது மட்டும் மேபிளுக்குத் தோன்றவில்லை.

"முன்கோயோவா! இந்த வேகத்துல புளிக்குதே! வேர் எங்க வாங்கினே?"

"இன்னும் ஆகலைம்மா. குடிச்சா வயித்தைக் கலக்கும். இருங்க, டீ போடறேன்." மேபிள் கரியடுப்பைத் தணல் பறக்கத் தூக்கிக்கொண்டு வந்து பீப்பாய்க்குப் பக்கத்தில் வைக்கப் போனாள்.

ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் தணலா! ராய்டால் கத்த முடியாது. கைக்கு அகப்பட்டது ஒரு முட்டை. கம்பி இடுக்கு வழியாகக் குறி பார்த்து எறிந்தான். அது மேபிளின் தோளில் விழுந்து உடைந்தது. கூட்டுக்குள் ஒரு கை வேண்டாம் வேண்டாம் என்று ஆடுவதைப் பார்த்துவிட்டு அவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரமாக ஓடினாள்.

பனா கங்குவா வாயைப் பிளந்தாள். "உங்க வீட்டுக் கோழி முட்டையை வீசுமா?"

"அது கொஞ்சம் கோவக்காரக் கோழிம்மா."

அந்த நேரம் பார்த்துத் தெருப்பக்கமிருந்து யாரோ மேபிள் காய்ச்சி விற்கிற சோப்பு வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஆகட்டும், அப்புறம் வா என்று மேபிள் சொல்லிப் பார்த்தாள், கூப்பிட்டவள் விடவில்லை. எழுந்து போக வேண்டியதாயிற்று. பனா கங்குவா தனியானாள். வெயிலில் நடந்து வந்த பெண்பிள்ளை, பக்கத்தில் முன்கோயோ நுரைத்துக்கொண்டிருக்கிறது. வயிற்றைக் கலக்கும் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? முளையில் கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் குவளையை எடுத்தாள். தட்டை ஒரு ஓரமாக நகர்த்தினாள்.

ராய்ட் கொக்கரித்தான். அவள் திரும்பவில்லை. கூவினான். "நடுப்பகல்ல கூவுது பாரு பைத்தியம்" என்று சொல்லிவிட்டு அவள் குவளையோடு குனிந்தாள். ஒரு வாய் உள்ளே போனால் தொண்டை வெந்துவிடும். லவ்னெஸின் அம்மா. பேசினால் வழக்கம் போகும், பேசாவிட்டால் உயிர் போகும். பேசத்தான் வேண்டும். ஆனால் அவளிடம் எப்படிப் பேசுவது? சேவல் எதிரிலேயே நின்றது.

"சேவலே!" என்று ராய்ட் அலறினான். "அம்மாகிட்ட சொல்லு! அதைக் குடிக்க வேண்டாம்னு சொல்லு! தொட வேண்டாம்னு சொல்லு! அது முன்கோயோ இல்ல, காஸ்டிக்!"

குவளை கீழே விழுந்தது. பனா கங்குவா "ஐயோ" என்று தோளில் கிடந்த துணியைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பிறகு துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. கௌரவமான குரல்.

"சேவலே, என் மருமகன்கிட்ட கேளு. அவரு பள்ளிக்கூடத்துல இல்லையா?"

"சேவலே, விளையாட்டுப் போட்டின்னு சீக்கிரம் விட்டுட்டாங்கன்னு சொல்லு."

"சேவலே, அந்தப் பீப்பாயில என்ன இருக்குன்னு கேளு."

"சேவலே, பாத்திரம் இருக்குன்னு சொல்லு."

"யாரு பாத்திரம்னு கேளு."

"அம்மாவுக்கே தெரியும்னு சொல்லு."

சேவல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதன் பரம்பரையில் இப்படி ஒரு பொறுப்பு யாருக்கும் வந்திருக்காது.

மேபிள் ஓடிவந்தபோது இரகசியம் என்று ஒன்றும் மிச்சமில்லை. "சேவலே, அக்காகிட்ட சொல்லு, கம்பு விட்டு வெளியில எடுத்து நிறையத் தண்ணி ஊத்தச் சொல்லு" என்றான் ராய்ட், பழக்க தோஷத்தில்.

"என்கிட்ட நேராப் பேசித் தொலைடா! நான் உன் அக்கா!"

மேபிள் கம்பை விட்டு ஒவ்வொன்றாகத் தூக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். முதலில் வந்தது ஒரு கைப்பிடி மட்டும். அடுத்து கோழிப் பாத்திரம், காகிதமாக மெலிந்து, சொறிநாய் முதுகுபோல் புள்ளி புள்ளியாக. பளபளப்பா? சாம்பல் பூத்துக் கிடந்தது. கடைசியில் கீரைப் பாத்திரம். சுத்தியால் அடித்தாலும் போகாத அந்தக் கரி போயிருந்தது. கரி ஒட்டியிருந்த அடியும் சேர்ந்து போயிருந்தது.

"சேவலே," என்றாள் பனா கங்குவா, துணியின் இடுக்கில் ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி, "அடிப்பிடிச்சது போயிடுச்சுன்னு சொல்லு."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரிவதற்குள் வாசலில் இருமல் கேட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த இடத்தில் நாச்சிம்புசாவும் வந்து நின்றாள். வரும் சனிக்கிழமை இன்னொரு வீட்டில் விருந்து. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தாள்.

மண்ணில் வரிசையாகக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டாள். கீரைப் பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இந்தப் பாத்திரத்தில்தான் அவள் புருஷன் முதல் முதலாக அவள் கையால் சாப்பிட்டான். போன வருஷம் அவனைப் புதைத்தாயிற்று. ராய்டுக்குத் தான் செய்தது என்னவென்று அப்போதுதான் முழுதாக உறைத்தது. வேதியியல் அவ்வளவும் மறந்துபோயிற்று.

"யாரு செஞ்சது?" என்றாள் பனா சிலேக்வா.

"நான்தான்" என்றாள் மேபிள்.

"நான் அடிப்பிடிக்க விட்டதாலதான்" என்றாள் துணிக்குள்ளிருந்து பனா கங்குவா.

"நான்தாம்மா" என்றது கோழிக்கூடு. "அவங்க ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க. நான்தான் கழுவினேன்."

நாச்சிம்புசா அடியில்லாத பாத்திரத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஓட்டை வழியாகக் கூட்டையும், கூட்டுக்குள் இறகும் எச்சமுமாகக் குந்தியிருந்த மாப்பிள்ளையையும் பார்த்தாள்.

"நீ கழுவினியா? உங்க அக்கா இல்ல?"

"நான்தான். உங்க முகம் தெரியணும்னு சொன்னீங்களே. அக்கா பாடுபட வேண்டாம்னு சீக்கிரமா... அதிபுத்திசாலித்தனம் பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்கம்மா. இந்தப் பாத்திரத்துக்கு ஈடு கிடையாதுன்னு இப்பத்தான் தெரியுது. ஆனா அவளை வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

நாச்சிம்புசா முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மேபிள் தண்ணீர் எடுக்கப் போனாள். அழுகை இல்லை. சிரிப்பு. கண்ணீர் வழிய வழியச் சிரிப்பு.

"எத்தனை பயலுக இந்தப் பாத்திரத்துல தின்னிருப்பானுங்க! தின்னான், ஏப்பம் விட்டான், எழுந்து போனான். அக்கா தங்கச்சி கழுவினா. ஒருத்தன் கை நனைச்சதுண்டா? என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், அவரே சாப்பிட்ட தட்டை ஒரு சாண் தள்ளி வெச்சதில்ல. நான் நாச்சிம்புசாவானதுலேர்ந்து பாத்திரத்தைக் கரைச்ச மாப்பிள்ளை நீ ஒருத்தன். கழுவின மாப்பிள்ளையும் நீ ஒருத்தன்தான்." மூக்கைச் சிந்தினாள். "கல்யாணம் நடக்கும். எனக்குப் புதுப் பாத்திரம் வரும். கல்யாணத்துக்கு அப்புறமும் நீ கழுவணும். மணலும் சாம்பலும் வெச்சு, கையால. கழுவறப்ப மூளையை வேலிக்கு வெளியில வெச்சுட்டு வா."

"சரிம்மா" என்றான் ராய்ட். அவனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. துள்ளி எழுந்ததில் கூரைக் கட்டையில் தலை இடித்தது, கதவு திறந்துகொண்டது. இதுவரை பொறுத்திருந்த சேவல் அந்தச் சந்தில் வெளியே பாய்ந்து, வேலியைத் தாண்டி, தெருவோடு போயே போய்விட்டது.

கதவருகே நாலு காலில் நின்ற ராய்டுக்கும் துணி போர்த்தி நின்ற பனா கங்குவாவுக்கும் நடுவில் இப்போது யாருமில்லை. அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். சேவலைத் தேடினாள். நாச்சிம்புசாவைப் பார்த்தாள். நாச்சிம்புசா மாமரத்தில் எத்தனை காய் என்று ரொம்ப அக்கறையாக எண்ணத் தொடங்கியிருந்தாள்.

பனா கங்குவா துணியை நெற்றி வரை ஒதுக்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மருமகனிடம் நேராகப் பேசினாள்.

"தலையில கோழி எச்சம் இருக்கு, மாப்பிள்ளை. துடைச்சுக்குங்க."